கோ-4 தீவனப் புல்லை (கம்பு நேப்பியர் ஒட்டு ரகம்) சைலேஜ் போட்டால் சத்து கூடுமா?

கூடவெல்லாம் செய்யாது, அண்ணாச்சி. சைலேஜ் என்பது பச்சைப் புல்லைக் காற்றுப் புகாத குழியில் புளிக்க வைத்துச் சேமிப்பது. பக்குவமாகப் போட்டால் இருக்கிற சத்து பெரும்பாலும் தங்கும், அவ்வளவுதான். வாய்க்கால் அடைத்த பிறகு சித்திரை, வைகாசியில் மாட்டுக்குப் பச்சை வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பாடு.

சத்து அறுக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 45 நாளில் அறுத்த கோ-4இல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 800 கிராம் தண்ணீர். மிச்ச 200 கிராமில் புரதம் 20 கிராம் தேறினால் நல்ல புல். இன்னும் வளரட்டும் என்று விட்டால் எடை ஏறும்; தண்டு முற்றி, நார் கூடி, புரதம் இறங்கும். முற்றிய தண்டைக் குழிக்குள் போட்டாலும் அது இளசாகாது.

மக்காச்சோளம் மாதிரி இது சுலபமாகப் புளிக்காது. காற்றில்லாத குழியில் லாக்டிக் அமில பாக்டீரியா புல்லிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4-ஐ ஒட்டி இறங்கினால்தான் கெடுக்கும் கிருமிகள் அடங்கும். கோ-4இல் சர்க்கரை குறைவு, ஈரம் அதிகம். அமிலம் ஏறத் தாமதமானால் குளோஸ்ட்ரிடியம் என்ற கெடுக்கும் பாக்டீரியா புகுந்துவிடும். அப்புறம் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம்தான். புரதமும் உடைந்து அம்மோனியாவாகும்.

அதனால் அறுத்ததும் வெயிலில் வாட்டுங்கள். 100 கிலோ புல் 67 கிலோ அளவுக்கு இறங்கினால் ஈரம் 70 சதவீதத்துக்கு வந்திருக்கும். தராசு இல்லையா? நறுக்கிய புல்லை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையை விரித்ததும் உருண்டை மெல்லப் பிரிந்தால் சரி.

நம்ம ஊரில் சிக்கலே இங்கேதான். புல் செழித்துக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வாட்ட வெயில் கிடையாது. அடைமழையில் குழி போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல் என்பேன். தை, மாசியில் அறுக்கும் புல்லை இதற்கென்று ஒதுக்குங்கள். பிசான நெல் அறுப்பு முடிந்திருந்தால் வைக்கோலை நறுக்கிக் கொஞ்சம் கலக்கலாம். ஈரத்தை இழுக்கும், சத்துதான் சேராது.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, டன்னுக்கு 20 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து இறுக்குங்கள். காற்று நின்ற இடத்தில் பூசணம் பிடிக்கும். யூரியா வேண்டாம், அது அமிலம் ஏறுவதைத் தடுக்கும்.

தார்ப்பாய் போட்டு மூடி 45 நாள் கழித்துத் திறங்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இதமான புளிப்பு வாசனையும் இருந்தால் கொடுக்கலாம். பூசணம் பிடித்த பகுதியைத் தயங்காமல் எருக்குழியில் தள்ளுங்கள், சினை மாட்டுக்குக் காட்டவே கூடாது. பால் கறந்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் பாலில் வாடை ஏறும்.