தவறிய பெனால்டியும் மூன்றாவது கோலும்: லீக் கால்பந்து கேள்வி பதில்

கேள்வி: புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம் என்று முதல் இரண்டு அணிகள் சீசனை முடித்தது உண்டா?

பதில்: உண்டு. அன்றைய உச்ச லீகான இங்கிலாந்து முதல் டிவிஷனின் 1923–24 சீசனை என்னால் மறக்கவே முடியாது. ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன், கார்டிஃப் சிட்டி இரண்டுக்கும் 42 ஆட்டங்களில் 57 புள்ளி. ஹடர்ஸ்ஃபீல்ட் அடித்தது 60 கோல், வாங்கியது 33. கார்டிஃப் அடித்தது 61, வாங்கியது 34. இரண்டுக்கும் வித்தியாசம் 27. இன்றைய விதிப்படி பார்த்தால், ஒரு கோல் அதிகம் அடித்த கார்டிஃப்தான் சாம்பியன். ஆனால் அன்று இருந்தது கோல் சராசரி. அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 1.818, கார்டிஃபுக்கு 1.794. பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது.

கடைசி நாளில் நடந்ததுதான் இன்னும் வலிக்கும். பர்மிங்ஹாமில் கார்டிஃப் 0-0 டிரா. அந்த ஆட்டத்தில் கார்டிஃபின் லென் டேவிஸ் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். அது உள்ளே போயிருந்தால் வகுத்துப் பார்க்கும் வேலையே இல்லை. அதே நாளில் ஹடர்ஸ்ஃபீல்ட் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 3-0 என்று வென்றது. 2-0 என்று முடிந்திருந்தால் 59-ஐ 33-ஆல் வகுக்க 1.788 வரும், கார்டிஃப் சாம்பியன் ஆகியிருக்கும். அந்த அணி இன்றுவரை இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றதில்லை.

கேள்வி: சரி, கார்டிஃப் அன்று 1-1 டிரா செய்திருந்தால்?

பதில்: இன்னும் மோசம். 62-ஐ 35-ஆல் வகுத்தால் 1.771தான். வாங்கியதைவிட அதிகம் அடித்திருக்கும் அணிக்கு, இரு பக்கமும் ஒவ்வொரு கோல் சேர்ந்தாலே சராசரி இறங்கிவிடும். கோலே விழாத டிராதான் லாபம்! கோல் அடிக்கத் துணிகிற அணியைத் தண்டிக்கிற விதி இது. 1976–77 முதல் இங்கிலாந்து கோல் வித்தியாசத்துக்கு மாறியது மிகச் சரி என்பேன்.

கேள்வி: 1989-ல் ஆர்சனல் வென்றதும் இப்படித்தானே?

பதில்: ஆமாம், ஆனால் இந்தத் தடவை தலைகீழாக. ஆர்சனல், லிவர்பூல் இரண்டுக்கும் 22 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி, 76 புள்ளி, வித்தியாசம் 37. ஆர்சனல் அடித்தது 73, வாங்கியது 36. லிவர்பூல் 65, 28. அதிகம் அடித்த ஆர்சனலுக்குப் பட்டம். பழைய சராசரியைப் போட்டுப் பாருங்கள்: ஆர்சனல் 2.03, லிவர்பூல் 2.32. மே 26 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஆர்சனலின் மைக்கேல் தாமஸ் இஞ்சுரி டைமில் அடித்த கோலை எல்லோரும் கொண்டாடுகிறோம். பழைய விதி இருந்திருந்தால் அந்தக் கோலுக்குப் பிறகும் லிவர்பூல்தான் சாம்பியன்.

கேள்வி: டிவிஷனிலேயே அதிக கோல் அடித்தும் கீழே இறக்கப்பட்ட அணி இருக்கிறதா?

பதில்: மான்செஸ்டர் சிட்டி, 1937–38. அதற்கு முந்தைய சீசனின் சாம்பியன்! 80 கோல் அடித்தது. அந்த ஆண்டு சாம்பியனான ஆர்சனல்கூட 77தான். ஆனால் சிட்டி வாங்கியதும் 77. அந்த சீசனில் சாம்பியனுக்கும் கடைசி அணிக்கும் நடுவே வெறும் 16 புள்ளிதான் இடைவெளி. அவ்வளவு நெருக்கத்தில் நாலைந்து ஆட்டம் சறுக்கினால் போதும்.

கேள்வி: ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டத்தை இழந்தவர்கள்?

பதில்: இத்தாலியின் பெருஜியா, 1978–79. 30 ஆட்டங்களில் 11 வெற்றி, 19 டிரா. 3 ஆட்டம் தோற்ற மிலான் 3 புள்ளி முன்னால் போய்ப் பட்டம் வாங்கியது. வெற்றிக்கு 2 புள்ளி தந்த காலம் அது. இன்றைய 3 புள்ளிக் கணக்கில் இடைவெளி 9 ஆகியிருக்கும்.

கேள்வி: பிரீமியர் லீகில் மிகக் குறைந்த புள்ளி?

பதில்: டெர்பி கவுண்டி, 2007–08. 11 புள்ளி, ஒரே ஒரு வெற்றி.

கேள்வி: கோல்கீப்பர் கோல் அடித்து அணியைக் காப்பாற்றிய கதை உண்மையா?

பதில்: முழுக்க உண்மை. 1999 மே 8, கார்லைல் யுனைடெட், பிளிமத் அணிக்கு எதிராக 1-1. வெல்லாவிட்டால் லீகை விட்டே வெளியேற வேண்டும். கடைசி நொடிகளில் கிடைத்த கார்னருக்கு, கடனாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் மறுமுனைவரை ஓடிவந்து, தெறித்த பந்தை உள்ளே அடித்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு, கார்லைலைப் போலவே வெளியேறும் ஆபத்தில் இருந்த ஸ்கார்பரோ அணி ஞாபகம் வரும். அவர்கள் தங்கள் ஆட்டத்தை 1-1 என்று முடித்துவிட்டு, தப்பித்தோம் என்று மைதானத்தில் காத்திருந்தார்கள். அந்தக் கோலால் லீகை விட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. 2007-ல் கிளப்பே கலைந்துபோனது.