சோயா மொச்சையில் நோய் எதிர்ப்பு மரபணு: வாசகர் கேள்விகள்

எதிர்ப்புள்ள ரகத்தை எதிர்ப்பில்லாத ரகத்தோடு கலந்தால், முதல் தலைமுறையிலேயே பலன் தெரியுமா?

பைட்டோப்தோரா வேரழுகல் (மண்வழி பரவி வேரையும் தண்டையும் அழுகச் செய்யும் நோய்) என்றால், பலன் முதல் தலைமுறையிலேயே தெரியும். அதைத் தடுக்கும் ஆர்பிஎஸ் (Rps) என்ற மரபணுக்கள் ஓங்கு தன்மை கொண்டவை. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். முதல் தலைமுறைச் செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையில் தரும் அடுத்த தலைமுறையில் (எஃப்-2) நான்கு செடிக்கு மூன்று தாங்கும், ஒன்று சாகும். ஆனால் தாங்கிய மூன்றில் இரண்டு கலப்புச் செடி, அதாவது எதிர்ப்பு மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, நாற்றின் தண்டை லேசாகக் கீறி அதில் நோய்க்கிருமியை வையுங்கள். வரிசை முழுக்கத் தப்பினால்தான் அந்தச் செடி தூய வழி, அதாவது இரு பக்கமும் எதிர்ப்பு மரபணு உள்ளது.

வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. இந்தப் புழுவுக்கு எதிர்ப்பு தரும் மூல ரகங்களில் முக்கியமானவை 'பீக்கிங்', 'பிஐ 88788' இரண்டும். 'பீக்கிங்' வகையின் எதிர்ப்பு முழுதாக வர ஆர்எச்ஜி1 (Rhg1), ஆர்எச்ஜி4 (Rhg4) என்ற இரண்டு மரபணுக்களும் சேர வேண்டும். இரண்டும் தூய நிலையில் அமைவது எஃப்-2வில் 16 செடிக்கு ஒன்றுதான். அதனால் சின்னப் பாத்தியில் தேடாதீர்கள்.

'பிஐ 88788' வகைக்கு ஆர்எச்ஜி1 ஒன்றே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. காரணம் 2012ல் தெரிந்தது. ஆர்எச்ஜி1 இருக்கும் இடத்தில், சுமார் 31,000 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து இணைகள்) நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு, சாதாரண ரகத்தில் ஒரு பிரதிதான் இருக்கிறது. பீக்கிங்கில் மூன்று, பிஐ 88788ல் பத்து வரை. புது மரபணு வந்ததால் அல்ல, இருப்பதே பெருகியதால் வந்த எதிர்ப்பு! பயிர் மரபியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. பிரதிகள் அடுத்தடுத்து ஒரே இடத்தில் இருப்பதால், பெரும்பாலும் ஒரே கட்டாகச் சந்ததிக்கு இறங்குகின்றன.

அமெரிக்காவில் எதிர்ப்பு ரகம் போட்டும் நூற்புழு பெருகுகிறதாமே, மரபணு கெட்டுவிட்டதா?

மரபணு அப்படியேதான் இருக்கிறது, மாறியது புழுக்கூட்டம். அங்கே மத்திய மேற்கு மாநிலங்களில் எதிர்ப்பு ரகங்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு பிஐ 88788 வழி வந்தவை. பல பத்தாண்டுகள் அதையே விதைத்ததால், அதன் வேரிலும் பெருகத் தெரிந்த புழுக்கள் மிஞ்சிவிட்டன. ரகத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. எதிர்ப்பு எந்த மூலத்திலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கி, மூலத்தையே மாற்ற வேண்டும். இடையில் மக்காச்சோளமும் போட வேண்டும்.

சொந்த விதை எடுத்தால் எதிர்ப்பு குறையுமா?

குறையாது. சோயா தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் கலப்பு பொதுவாக 1 விழுக்காட்டுக்கும் கீழ். களத்தில் வேறு ரக விதை கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.