சேப்பாக்கத்தில் நீங்கள் பார்த்த கொடி

கேள்வி: 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் அணி சேப்பாக்கத்துக்குக் கறுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியோடு வந்தது. காபூலில் பறப்பதோ வெள்ளைக் கொடி. எது அசல்? சட்டை மாற்றுவதுபோலக் கொடியை மாற்றுகிறவர்களுக்கு நாட்டுப்பற்று எங்கிருந்து வரும்?
– ஒரு வாசகர், விழுப்புரம்.

பதில்: கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் சார். அங்கே கொடியை மாற்றியவர்கள் வேறு, கொடிக்காகச் செத்தவர்கள் வேறு.

மாற்றினார்கள் என்பது சரிதான். மன்னர் அமானுல்லா 1928-இல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்த கையோடு, கறுப்புக் கொடியை இறக்கி மூவண்ணத்தை ஏற்றினார். கறுப்பு போன காலம், சிவப்பு சுதந்திரத்துக்குச் சிந்திய ரத்தம், பச்சை வரப்போகும் நல்ல காலம் என்று விளக்கம் சொல்வார்கள். அவருக்கு நல்ல காலம் வரவில்லை. மறுவருடமே அரியணை போயிற்று. அதைப் பிடித்தவர் ஒன்பது மாதம்தான் தாக்குப்பிடித்தார். அதற்குள் அவருக்கும் ஒரு கொடி! அப்புறம் நாதிர் ஷா வந்து மூவண்ணத்தை மீட்டார். மன்னராட்சியைக் கவிழ்த்த தாவூத் கான், நெடுக்காக நின்ற பட்டைகளைப் படுக்கவைத்து ஒரு கழுகை ஒட்டினார்.

1978-இல் கம்யூனிஸ்டுகள் செய்ததுதான் பெரிய கூத்து. துணி முழுக்கச் சிவப்பு, மூலையில் மஞ்சள் சின்னம். தூரத்திலிருந்து பார்த்தால் சோவியத் கொடி என்றே தோன்றும். பச்சையும் போச்சு, கழுகும் போச்சு. ஜனங்களுக்கு அது பிடிக்கவே இல்லை. 1979 கடைசியில் சோவியத் படை உள்ளே வந்து பாப்ரக் கார்மலை நாற்காலியில் உட்காரவைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1980-இல் அந்தச் சிவப்பை மடித்து வைத்துவிட்டு மூவண்ணத்தையே திரும்ப ஏற்றினார். மாஸ்கோவின் டாங்கிகளை நம்பி ஆட்சி நடத்தியவருக்கே செங்கொடி கட்டுப்படியாகவில்லை!

சோவியத் படையை எதிர்த்துப் போராடிய முஜாஹிதீன்கள் 1992-இல் பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த தாலிபான் முதலில் வெறும் வெள்ளை, பிறகு அதன்மேல் கறுப்பெழுத்தில் கலிமா, அதாவது இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகம். (வெள்ளைக்கொடி என்றதும் சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள்.) அவர்கள் விழுந்தபின் 2002-இல் மறுபடி மூவண்ணம். நீங்கள் சேப்பாக்கத்தில் பார்த்தது அந்தக் கொடியைத்தான். அடுத்த முறை நடுவிலிருக்கும் சின்னத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மசூதிக்குக் கீழே அவர்கள் எண்களில் 1298 என்றிருக்கும். அவர்கள் நாள்காட்டியில் 1298 என்பது நமக்கு 1919, பிரிட்டிஷ் பிடியிலிருந்து அந்த நாடு விடுபட்ட வருடம்.

2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்த சில நாளிலேயே, ஜலாலாபாத்தில் ஜனங்கள் வெள்ளைக் கொடியை இறக்கி மூவண்ணத்தை ஏற்றினார்கள். தாலிபான் சுட்டது. சிலர் செத்துப்போனார்கள். இவர்களிடமா நாட்டுப்பற்றுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்?

எது அசல் என்ற கேள்வி டெல்லியையும் நெளியவைக்கிறது. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி, டெல்லி ஆப்கன் தூதரகத்தில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். வெளியே கம்பத்தில் மூவண்ணம். உள்ளே மேஜைமேல் அவர் ஆட்கள் வைத்த குட்டி வெள்ளைக் கொடி. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பாமியான் புத்தர் படம். 2001-இல் தாலிபான் வெடிவைத்துத் தகர்த்த அதே புத்தர்.