மதப் பள்ளியில் வேலை கிடைத்தால் சேரலாமா?

கேள்வி: பொதுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒரு மத அமைப்பு நடத்தும் பள்ளியில் வேலை தருகிறார்கள். சம்பளம் குறைவு. ஆனாலும் அங்கே இருப்பவர்கள் யாரும் விட்டுப் போக நினைப்பதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது? அந்த மதத்தைச் சேராத நான் சேரலாமா?

பதில்: கற்பிப்பதையே இறைத்தொண்டாக நினைப்பவருக்குச் சம்பளம் இரண்டாம்பட்சம். ஆனால் பல வருடம் நிலைத்துவிட்டவர்கள் நம்பிக்கையைவிட வேறு சில விஷயங்களைத்தான் அதிகம் சொல்வார்கள். பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்த பள்ளி என்பதால், பிள்ளையைக் கண்டித்தால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருவது குறைவு. மதிப்பெண்ணோடு நிற்காமல், பிள்ளையின் குணத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசலாம். சக ஆசிரியர் வீட்டில் துக்கம் என்றால் அவர் வகுப்புகளை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிற மதத்தவரும் இதற்காகவே வருகிறார்கள்.

சிக்கலும் இந்த நெருக்கத்திலிருந்தே வருகிறது. ‘சேவை’ என்று சொல்லிவிட்டால் விடுமுறை நாள் விழா, மாலை வகுப்பு, நன்கொடை திரட்டல் எல்லாம் உங்கள் தலையில் விழும். மறுத்தால் மனசாட்சி இல்லாதவர் என்பார்கள். சேவை செய்பவருக்கும் வேலை நேரம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒப்பந்தம். ‘அமைப்பின் நெறிகளுக்கு ஏற்ற வாழ்க்கை’ என்பதுபோல ஒரு வரி இருந்தால், அது திருமணம், விவாகரத்து, சமூக ஊடகப் பதிவு வரை நீளுமா என்று கேளுங்கள். சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் இருவர் தொடுத்த பணிப் பாகுபாட்டு வழக்குகளை 2020-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பல பாடங்களோடு சமயக் கல்வியும் கற்பித்தவர்கள் அவர்கள். மாணவர்களோடு பிரார்த்தனையும் செய்தவர்கள். இப்படிச் சமயப் பொறுப்பு வகிப்பவர்களை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் மத அமைப்பின் முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடாது என்பதே தீர்ப்பு. அதனால் காலை வழிபாட்டில் நீங்கள் சும்மா நிற்பதா, முன்நின்று நடத்துவதா என்பதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள்.

நீங்கள் அறிவியல் ஆசிரியர் என்பதால் இன்னொன்று. பரிணாமம், இனப்பெருக்கம் ஆகிய பாடங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மாணவரின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பக்கங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்து, வேலை நேரத்தையும் வழிபாட்டுப் பொறுப்பையும் எழுதித் தந்தார்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள்.