தினமும் கட்டுவதற்கு லிமிடெட் எடிஷன் தேவையா?

ஓசூர் கடையில் நீங்கள் பார்த்த இரண்டு சீகோ 5 ஸ்போர்ட்ஸ் கைக்கடிகாரங்களில் ஒன்று வழக்கமான மாடல், மற்றது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியாகும் லிமிடெட் எடிஷன். எதை வாங்கலாம் என்று, தினமும் வேலைக்குக் கட்டிச்செல்ல நீங்கள் கேட்டிருப்பதால், வழக்கமான மாடலையே வாங்குங்கள். லிமிடெட் எடிஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தால் நேரத்தின் துல்லியம் கூடப்போவதில்லை.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் டயலின் நிறமும், பின்மூடியில் பொறித்த எண்ணும், தனிப் பெட்டியும்தான். 2020இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீடியோ கேமின் பெயரில் வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ் லிமிடெட் எடிஷனில் ஒவ்வொரு மாடலும் 9,999 மட்டுமே என்று அறிவிக்கப்பட்டாலும், உள்ளே ஓடியது சாதாரண மாடல்களில் உள்ள அதே 4ஆர்36 (4R36) என்ற இயந்திரம். முழுமையாக முறுக்கேறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும், நாளொன்றுக்கு 45 விநாடி முந்துவதையும் 35 விநாடி பிந்துவதையும் நிறுவனமே ஏற்கும் இயந்திரம் அது. பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவானதை அரிய பொருள் என்பது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.

இரண்டையும் திருப்பி, பின்மூடிக் குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் இயந்திரமும் ஒன்றே. மறுவிற்பனையை எண்ணி வாங்குவதானால், இணையத்தில் கேட்கும் விலையை நம்பாமல், பழைய பதிப்புகள் உண்மையில் விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள்.

குறியீடு வேறுபட்டாலோ, அந்த டயல் மனத்தை விட்டு அகலாவிட்டாலோ லிமிடெட் எடிஷனை வாங்கலாம். ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் அதன் டயலோ, டயலைச் சுற்றியுள்ள வளையமான பெசலோ சேதமானால், அதே நிறத்தில் மாற்று கிடைப்பது கடினம்.