மீன் செவுளில் கிடைத்த தட்டைப்புழு புது இனம்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

புழுவைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமே இல்லை. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்று காட்டுவதில்தான் தலை நரைக்கும். பவளப்பாறை மீன்களில், அதுவும் கலவா மீன்களின் செவுள்களில், சில வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் மீனைப் போட்டோ எடுக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கலவாக்கள் நிறைய உண்டு. மீனின் பெயர் தப்பானால் மற்ற எல்லாமே தப்பு. மீன் புதிதாக இருக்க வேண்டும், தாமதித்தால் புழு அழுகிவிடும். செவுளை வெட்டிக் கடல்நீரில் அலசி, நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளைத் துணுக்கு ஒன்று நெளியும்.

அதன் மெத்தென்ற உடம்பை அவ்வளவாக நம்ப முடியாது, அழுத்தினால் அகலும், விட்டால் சுருங்கும். கெட்டியான உறுப்புகள்தான் சாட்சி: பின்முனைக் கொக்கிகள், அவற்றைத் தாங்கும் பட்டைகள், இனப்பெருக்க உறுப்புகள். கலவாக்களில் மண்டிக்கிடக்கும் சூடோராப்டோசைனோகஸ் பேரினத்தில் ஆணுறுப்பு நான்கு அறைகளாக இருக்கும். ஆனால் இனம் பிரிக்கப் பெரும்பாலும் உதவுவது கெட்டியான யோனிக்குழாயின் வடிவம். அதன் நீளமோ சில பத்து மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இங்கேதான் நான் விழுந்தேன். ஒரு ஸ்லைடில் அந்தக் குழாய் கொக்கிபோல வளைந்து தெரிந்தது. புது இனம் என்று குதித்தேன், படமும் வரைந்துவிட்டேன். அப்புறம் அதே மீனிலிருந்து எடுத்த மற்ற புழுக்களைப் பார்த்தால், ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம். மூடுகண்ணாடி அழுத்தியதில் குழாய் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒற்றைப் புழுவை வைத்துப் பேசுவதில்லை.

அதற்காகப் புது இனமே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் எபிநெஃபெலஸ் மாக்குலாட்டஸ் என்ற ஒரே கலவாவின் செவுள்களில் 12 இன மோனோஜீனியன் புழுக்கள் (நான் சொல்லும் இந்தத் தட்டைப்புழுக்களின் வகுப்பு) இருப்பதாக ஒட்டுண்ணி ஆய்வாளர் ஜான்-லூ ஜஸ்டின் 2007-ல் எழுதினார். அதில் 8 புதியவை!

இப்போது புழுவில் ஒரு துண்டை டிஎன்ஏவுக்கு எடுத்துக்கொண்டு, கெட்டி உறுப்புகள் உள்ள மீதியை ஸ்லைடாக்குவதும் உண்டு. எல்லாமே புது இனம் என்று காட்டினால் ஒரு புழுவை ஹோலோடைப்பாக, அதாவது அந்தப் பெயருக்குரிய மூல மாதிரியாக, குறிப்பிட்டு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளை எனக்குப் பின்னால் வருபவர் சந்தேகப்பட்டால் அந்த ஸ்லைடைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.