ஃபார்மேட் செய்தால் போதுமா?

கேள்வி: எங்களிடம் ஒரு பழைய டெஸ்க்டாப்பும் ஒரு லேப்டாப்பும் இருக்கின்றன. இரண்டையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போகிறோம். ஆதார், பான் ஸ்கேன்கள், கடைக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. "நாங்களே ஃபார்மேட் பண்ணிடுவோம்" என்கிறார் கடைக்காரர். அதை நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். பொதுவாகக் கடைகளில் செய்வது குவிக் ஃபார்மேட். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அதில் காலியாகும். ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் பான் கார்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டே யாரும் அதை மீட்டுவிடலாம். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

வேண்டியதை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். டேலி கணக்கு மென்பொருள் இருந்தால், அதன் லைசென்ஸை இந்தக் கணினியிலிருந்து விடுவித்து சரண்டர் செய்யுங்கள். பிரவுசரிலிருந்தும் கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

அடுத்து, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா (சுழலும் வட்டில் சேமிப்பது), எஸ்எஸ்டியா (சிப்புகளில் சேமிப்பது) என்று தெரிய வேண்டும். அழிக்கும் வழி அதைப் பொறுத்தது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால், டிஸ்க் என்பதற்குக் கீழேயே எது என்று போட்டிருக்கும்.

டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை எளிது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் ரிகவரி பகுதிக்குப் போய், 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று தேர்ந்தெடுங்கள். பலரும் இங்கேயே நெக்ஸ்ட் அழுத்திவிடுகிறார்கள். அழுத்தாதீர்கள். அந்தத் திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும். அதற்குள் 'க்ளீன் டேட்டா' அணைந்திருக்கும், அதை 'யெஸ்' ஆக்குங்கள். அப்போதுதான் வட்டு உண்மையிலேயே மேலெழுதப்படும், அதாவது பழைய தகவலின் மேலேயே வேறு தகவல் எழுதப்படும். எல்லா டிரைவ்களிலும் அழிக்கவா என்ற கேள்வியும் அங்கேதான் இருக்கும். நம் ஊரில் விண்டோஸை சி டிரைவில் போட்டுவிட்டு, கணக்கையும் கல்யாணப் படங்களையும் டி, ஈ டிரைவ்களில் வைப்பதுதான் வழக்கம். அந்தக் கேள்விக்கு 'யெஸ்' சொல்லாவிட்டால் சி மட்டும் சுத்தமாகி, முக்கியமானதெல்லாம் அப்படியே கடைக்குப் போய்விடும். பல மணி நேரம் ஓடும் வேலை இது, இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். 1996இல் பீட்டர் கட்மன் என்ற கணினி ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக மேலெழுதினால் போதும்.

எஸ்எஸ்டியில் கதை வேறு. சிப்புகள் சீராகத் தேய்வதற்காக, நீங்கள் ஒரு ஃபைலின் மேல் எழுதச் சொன்னாலும் அது வேறு இடத்தில்தான் எழுதும். பழையது உள்ளே ஒரு மூலையில் தங்கிவிடலாம். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் சோதித்தபோது, தனி ஃபைலை மேலெழுதி அழிக்கும் முறைகளில் 4 முதல் 75 சதவீதம் வரை தகவல் மிச்சமிருந்தது. அதனால் ஃபைல் ஷ்ரெடர் மென்பொருளை எஸ்எஸ்டிக்கு நம்ப வேண்டாம்.

லேப்டாப்பில் எஸ்எஸ்டி என்றால் நான் சொல்லும் வழி இது. விண்டோஸில் இருக்கும் பிட்லாக்கர் என்ற பூட்டும் வசதியை இயக்கி, முழு டிரைவையும் என்க்ரிப்ட் செய்யுங்கள், அதாவது ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுங்கள். 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்று ஒரு விருப்பம் வரும், அது வேண்டாம். முடிந்ததும் மேலே சொன்ன ரீசெட்டைச் செய்யுங்கள். பழைய சாவி போய்விடுவதால், மிச்சம் மீதி இருந்தாலும் அது யாருக்கும் புரியாத குப்பைதான். விண்டோஸின் ஹோம் பதிப்பில் முழு பிட்லாக்கர் இல்லை. அப்படியானால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) 'செக்யூர் எரேஸ்' என்ற, டிரைவையே முழுதாக அழிக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், சில லேப்டாப்களில் இருக்கும். டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கக்கூடும்.

முடித்த பிறகு ரெகுவாவைப் போட்டு ஒருமுறை தேடிப்பாருங்கள். பழைய படம் ஒன்று தலைகாட்டினாலும் மறுபடி செய்யுங்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லையா? டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், பரவாயில்லை. பெரும்பாலான மாடல்களில் சில ஸ்க்ரூக்கள்தான். யுஎஸ்பி கேஸில் போட்டால் அதே டிஸ்க் பேக்கப்புக்கு உதவும். சில மெல்லிய லேப்டாப்களில் மட்டும் சேமிப்பு சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதைக் கழற்ற முடியாது.

டிஸ்க்கே செத்துப்போயிருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. ஹார்ட் டிஸ்க் என்றால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் வட்டுகளின் ஊடாக நாலைந்து இடத்தில் துளையிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் வட்டு கண்ணாடியாக இருக்கலாம், தெறிக்கும். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு கருப்பு சிப்பும் உடைய வேண்டும். வீட்டில் இருக்கும் காந்தத்தைத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. எரிக்கவும் வேண்டாம், புகை நஞ்சு. உடைத்ததைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.